காலைக் கிண்ணத்தில் பழம்: வேன் வருவதற்குள் சமைக்கும் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

காலை எட்டு மணிக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியவர்களை வேலைக்கும் அனுப்பிவைக்கும் குடும்பங்களுக்கு,

ஸ்மூதி கிண்ணம் என்பது டம்ளரில் ஊற்றிக் குடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாக அரைத்த பழக்கூழ். மில்க் ஷேக்கிலிருந்து அதைப் பிரிப்பது இந்தக் கெட்டித்தன்மை ஒன்றே. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. மேலே தூவிய வேர்க்கடலை அடியில் போய்ச் சேரக் கூடாது. கஃபேக்களில் இதற்கு விலை ஏறுவது கடை வாடகையாலும், உறைந்த புளூபெர்ரி, சியா விதை, கிரனோலா, பாதாம் வெண்ணெய் என்று மேலே பரப்பும் பொருள்களாலும். கூழ் கெட்டியாவதற்கும் அந்தப் பொருள்களுக்கும் பெரிய தொடர்பில்லை. அதைக் கெட்டியாக்குபவை வாழைப்பழமும் தயிரும் அவலும். மூன்றும் தெருமுனைக் கடையில் கிடைப்பவை.

இந்த உணவு பிரேசிலிலிருந்து வந்தது. அமேசான் ஆறு கடலில் கலக்கும் பாரா மாநிலத்தில், அசாயி என்ற பனைவகை மரத்தின் கருநீலப் பழத்தைப் பிசைந்து கூழாக்கி உண்பது நெடுநாள் வழக்கம். அங்கே அது இனிப்புப் பண்டம் அல்ல. மரவள்ளி மாவும் பொரித்த மீனும் சேர்த்து வயிறு நிறையச் சாப்பிடும் அன்றாடச் சாப்பாடு. உறையவைத்த கூழ் தெற்கே ரியோ டி ஜெனிரோவுக்குப் போனபோது, குவரானா பாகும் வாழைப்பழமும் சேர்ந்து அது இனிப்பானது. 1980களில் கடற்கரை விளையாட்டுக்காரர்களிடமும் ஜியு-ஜிட்சு வீரர்களிடமும் பரவி, பிறகு ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் போனது. அசாயி கிடைக்காத ஊர்களில் எந்தப் பழமானாலும் சரி என்றானபோது இன்றைய ஸ்மூதி கிண்ணம் உருவானது. ஆற்றங்கரைச் சனங்களின் சாப்பாடாக இருந்தவரை அதற்கு ஆடம்பரம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

நம் பக்கத்திலும் அதற்கு உறவுமுறை உண்டு. கோழிக்கோடு, மலப்புரம் வட்டாரத்துக் கடைகளில் விற்கும் அவல் மில்க்கில் சிறுபழத்தை மசித்து, குளிர்ந்த பால் ஊற்றி, வறுத்த அவலும் வேர்க்கடலையும் போட்டு, கரண்டியோடு தருகிறார்கள். பழநிப் பஞ்சாமிர்தம் இன்னும் நெருங்கிய சொந்தம்: மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைந்த பழக்கூழ். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பஞ்சாமிர்தம் குளிர்பதனம் இல்லாமலே கெடாமல் இருக்கக் காரணம் அதிலுள்ள சர்க்கரை. அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் வளர வழியில்லாமல் போகிறது. காலை உணவுக்கு அந்த அளவு சர்க்கரை வேண்டியதில்லை. அரைத்ததும் சாப்பிட்டு முடிக்கும் பண்டத்துக்கு எதற்குப் பதப்படுத்தல்?

பழக்கூழ் கெட்டியாக மூன்று வழிகள் உள்ளன. உறைந்த பழத்தை அரைத்தால், அதிலுள்ள நுண்ணிய பனித்துகள்கள் கூழைத் தாங்கிப் பிடிக்கும். ஊறிய தானியத்தை அரைத்தால், அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். தயிர் சேர்த்தால், அதிலுள்ள புரத வலை கூழுக்கு உடம்பு தரும். கஃபேக்கள் பெரும்பாலும் முதல் வழியையே நம்பியிருக்கின்றன. ஐஸ்கிரீமைப் போல அது கால் மணி நேரத்தில் உருகிவிடும். குளித்துவிட்டு வரும் பிள்ளை, சீருடை தேடும் பிள்ளை, செய்தித்தாளை விடாத தாத்தா என்று ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட உட்காரும் வீட்டுக்குப் பனியை மட்டும் நம்பிய கிண்ணம் ஒத்துவராது. மூன்று வழியையும் கலந்து செய்வதே வீட்டுக்கு ஏற்றது. அப்படிச் செய்தால் பனி உருகிய பிறகும் அவலும் தயிரும் கூழைத் தாங்கும்.

எந்த வாழைப்பழம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். காயாக இருக்கும்போது வாழையின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து; நன்றாகக் கனிந்ததும் அது நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்து, மீதி சர்க்கரையாகிவிடும். அதனால் தோல் மஞ்சளாகி அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பழமே கிண்ணத்துக்கு உரியது. சர்க்கரை போடாமல் இனிப்பு கிடைக்கவும், நாக்கில் துவர்ப்பு தட்டாமல் இருக்கவும் அதுதான் வழி. கடைக்காரர் சாயங்காலம் விலையைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்க்கும் சீப்பும் அதுவே. தார் கட்டித் தொங்கவிட்ட கடையில் மறுநாள் காலைக்குத் தாங்காத சீப்புகளைக் கேட்டு வாங்கும் வீட்டுக்குப் பாதிச் செலவு அப்போதே மிச்சம்.

ரகங்களில் ரோபஸ்டாவும் ஜி-9 எனப்படும் கிராண்ட் நைனும் பெரியவை, மலிவானவை, வழவழப்பாக அரைபடுபவை. தனி மணம் என்று பெரிதாக இல்லாததால் எந்தப் பழத்தோடும் ஒத்துப்போகும்; முதன்முதலாகச் செய்கிறவர்கள் இதில் தொடங்கலாம். பூவனில் இலேசான புளிப்பு உண்டு. தயிரோடு சேரும்போது அது இன்னும் எடுப்பாகத் தெரியும். கற்பூரவள்ளி அளவுக்கு இனிப்பானது வேறில்லை, ஆனால் சில பழங்களில் கடினமான விதை இருக்கும். மசித்துப் பார்த்துவிட்டுத்தான் மிக்சியில் போட வேண்டும். நேந்திரன் தோல் கறுத்துக் குழைந்த பிறகே உதவும், அதற்குமுன் மாவாக நாக்கில் ஒட்டும். ரஸ்தாளி, ஏலக்கி, செவ்வாழை, புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி, சிறுமலை வாழைகள், கன்னியாகுமரி மட்டி இவையெல்லாம் உரித்துத் தின்பதற்காகவே விளைந்தவை. விலை கொடுத்து வாங்கி மிக்சியில் போட்டு மணத்தைத் தொலைப்பதில் அர்த்தமில்லை.

கனிந்த சீப்பு வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதை உறையவைத்துவிடுவது நல்லது. தோலை உரித்து, விரல் கனத்துக்கும் குறைவாக வில்லைகளாக நறுக்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். கல்லாக ஆன பிறகே அவற்றைத் தட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட வேண்டும். நேராக டப்பாவில் கொட்டினால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். காலையில் அதை உடைக்கக் குழவிதான் தேவைப்படும். மெல்லிய வில்லைக்கு இன்னொரு பயனும் உண்டு. வேகமாக உறையும்போது பனித்துகள் சிறியதாக உருவாகிறது, துகள் சிறுத்தால் கூழ் நறநறவென்று இருக்காது. முழுப் பழத்தைத் தோலோடு ஃப்ரீசரில் போடுவது பலர் செய்யும் தவறு. தோல் கறுத்து, சதையோடு ஒட்டி, கத்தியால் சுரண்ட வேண்டியதாகிவிடும். மாம்பழம், பப்பாளி, சப்போட்டா துண்டுகளையும் இதே முறையில் வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சிறிய ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கான இரண்டு டப்பாக்கள் அடங்கும்.

அவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிண்ணத்தைக் காலை உணவாக்குவது அதுதான். வெறும் பழமும் தயிரும் பத்து மணிக்கே பசியைக் கிளப்பிவிடும். அவல் ஏற்கெனவே வெந்த தானியம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குவதால், மறுபடி அடுப்பில் ஏற்றாமலே உண்ண முடிகிறது. கெட்டி அவல் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும், மெல்லிய அவலுக்கு ஒரு முறை அலசி வடித்தாலே போதும். சிவப்பு அவலில் தவிடு ஒட்டியிருப்பதால் நார்ச்சத்து கூடுதல், கூழுக்கும் ஒரு கோதுமை நிறம் வரும். ஊறிய அவலில் பாதியைப் பழத்தோடு அரைத்து, மீதியை அப்படியே கலந்தால் கூழும் கெட்டியாகும், மெல்லவும் ஏதாவது இருக்கும். ஓட்ஸ் வைத்திருக்கும் வீடுகள் அதையே ஊறவைத்துக்கொள்ளலாம். சத்துமாவை மட்டும் பச்சையாகப் போடக் கூடாது. பெரும்பாலான சத்துமாவுகள் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்க அரைத்தவை.

பாலா தயிரா என்ற கேள்விக்கு, தயிர் என்பதே விடை. பாலில் புளிப்புப் பழம் விழுந்தால் திரிந்துபோகும்: அமிலம் கூடும்போது பாலின் புரதம் கட்டிகட்டியாகப் பிரிகிறது. தயிரில் அந்தத் திரிதல் ஏற்கெனவே ஒழுங்காக நடந்து முடிந்துவிட்டதால் ஆரஞ்சோ திராட்சையோ சேர்த்தாலும் கெடுதல் இல்லை. கடைத் தயிர் நீர்த்திருந்தால், இரவில் வெள்ளைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஒரு வடிகட்டியின் மேல் வைத்துவிட்டால் காலையில் பாதி அளவு கெட்டித் தயிர் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கும் கிரேக்கத் தயிர் என்பது கிட்டத்தட்ட அதுதான். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம். பாலோ தயிரோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் பொருந்தும். புரதம் குறைவு என்பதால் வேர்க்கடலையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அன்னாசியும் பப்பாளியும் மட்டும் தயிரோடு வம்பு செய்யும். அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பாயின் என்று புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. அவை பால் புரதத்தைத் துண்டாக்கும்போது கசக்கும் துணுக்குகள் உருவாகின்றன. அரைத்தவுடன் சாப்பிட்டால் எதுவும் தெரியாது. அரை மணி நேரம் மேசையில் கிடந்தால் நாக்கு சுளிக்கும். ஃப்ரீசரில் வைப்பதால் இந்த நொதிகள் அழிவதில்லை, சூடாக்கினால்தான் அழியும். அன்னாசித் துண்டுகளை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் பிரச்சினை தீர்ந்தது, மணம் கொஞ்சம் குறையும் அவ்வளவுதான். பழுத்த பப்பாளியில் இந்தத் தொல்லை குறைவு. பாதிப் பழுத்ததில் அதிகம்.

இனி மிக்சி. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு மிக்சி இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. ஸ்மூதிக்கென்று விற்கும் பிளெண்டரை வாங்கத் தேவையே இல்லை. ஆனால் சட்னிக்கும் மாவுக்கும் பழகிய மிக்சி, கல்லாக உறைந்த பழத்தைக் கண்டால் திணறும். ஜாரில் முதலில் தயிர், அதன்மேல் ஊறிய அவல், கடைசியாகப் பழ வில்லைகள் என்ற வரிசையில் போட்டால் பிளேடு சுழல இடம் கிடைக்கும். உறைந்த வில்லைகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அரைப்பது மோட்டாருக்கும் கப்ளருக்கும் நல்லது. குமிழை இடப்பக்கம் திருப்பி விட்டுவிட்டு ஓட்ட வேண்டும், தொடர்ந்து ஓட்டக் கூடாது. இரண்டு மூன்று திருப்பலுக்கு ஒருமுறை ஜாரைத் திறந்து, கரண்டியால் ஓரத்திலிருந்து வழித்து நடுவில் தள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கிண்ணங்கள் வீணாகின்றன. பிளேடைச் சுற்றிக் காற்றுக் குழி விழுந்து, மேலே இருக்கும் பழம் அசையாமல் நிற்கும்போது, கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் மிக்சி சந்தோஷமாகச் சுற்றும், கிண்ணம் மில்க் ஷேக்காகிவிடும். வழித்துவிட்டு மறுபடி சுற்றுவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் இரண்டு கரண்டி தயிர் சேர்க்கலாம். சுற்றிக்கொண்டிருந்த மிக்சி திடீரென்று நின்றுபோனால் எரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். அதிகப்பளு தாங்காமல் அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் போதும். ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் என்றால் பெரிய ஜாரைவிடச் சட்னி ஜார் நன்றாக அரைக்கும். முந்தைய நாள் தேங்காய்ச் சட்னியின் பூண்டு வாடை மூடியின் வாஷரில் ஒட்டியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நாலு பேர் சாப்பிடும் அளவு இது: நடுத்தர ரோபஸ்டா நான்கு, பூவன் என்றால் ஆறு, நறுக்கிய பப்பாளியோ மாம்பழமோ இரண்டு கப், கெட்டித் தயிர் இரண்டு கப், சிவப்பு அவல் ஒரு கப், அதாவது சுமார் 100 கிராம், பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, மேலே தூவ வறுத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் இரண்டு. இதில் ஆளுக்கு 300 கிராமுக்குச் சற்று மேல் கூழ் வரும். ஏறத்தாழ 380 கலோரியும் பத்துப் பன்னிரண்டு கிராம் புரதமும் அதில் அடங்கும். புரதத்தில் பெரும்பகுதி வருவது பழத்திலிருந்து அல்ல, தயிர், கடலை, பொட்டுக்கடலை மூன்றிலிருந்தும்தான். உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை போட்டும் ஒருமுறை போடாமலும் ருசித்துப் பார்க்கலாம். பாயசத்தில் சிட்டிகை உப்புப் போடும் அதே கணக்குதான் இது.

நேரக் கணக்கு எளிது. நீர்த்த தயிரை வடியவைப்பதைத் தவிர இரவில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, வில்லைகள் ஏற்கெனவே ஃப்ரீசரில். காலையில் அவலை ஊறப்போட்டுவிட்டுப் பிள்ளைகளை எழுப்பித் திரும்பி வந்தால் அது தயார். அரைத்து ஊற்ற ஐந்து நிமிடம்.

மேலே தூவுவதில் உள்ளூர்ச் சரக்குக்குப் பஞ்சமில்லை. சியா விதை செய்யும் வேலையைச் சப்ஜா விதை செய்யும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஒரு தேக்கரண்டியைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் பலமடங்கு உப்பி வழவழப்பாகும். ஊறாமல் காய்ந்தபடியே தூவினால் சிறுவர்களுக்குத் தொண்டையில் சிக்கும், அதனால் ஊறவைத்தே போட வேண்டும். கிரனோலாவின் மொறுமொறுப்பை வறுத்த அவலோ அரிசிப் பொரியோ தரும். கடலைமிட்டாயில் ஒன்றை உடைத்துத் தூவினால் பிள்ளைகள் கிண்ணத்தை மறுக்காமல் சாப்பிடுவார்கள். இனிப்பும் அதிலேயே வந்துவிடுவதால் கூழில் வெல்லம் போட வேண்டாம். துருவிய தேங்காய், வறுத்த எள், மாதுளை முத்து, இளநீர் வழுக்கை, கோடையில் தோல் சீவிய நுங்கு என்று அந்தந்தக் காலத்தில் கிடைப்பதைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே கிண்ணத்தில் எல்லாவற்றையும் போடும் ஆசை படம் எடுக்கத்தான் உதவும். இரண்டு போதும்: ஒன்று மொறுமொறுப்புக்கு, ஒன்று நிறத்துக்கு.

அடிப்படை மாறாமல், கூடச் சேரும் பழம் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறுவதே செலவைக் கட்டுக்குள் வைக்கும். சித்திரை முதல் ஆடி வரை மாம்பழம். பங்கனப்பள்ளி நாரில்லாமல் அரைபடும், நீலம் கடைசியாக வந்து மலிவாகக் கிடைக்கும். இமாம் பசந்த்தை அரைக்க நினைப்பது செவ்வாழையை அரைப்பதைவிடப் பெரிய குற்றம். ஆனி, ஆடியில் நாவல். கொட்டை நீக்குவது வேலைதான், ஆனால் அசாயிக்குச் சவால்விடும் நிறம் அதில் கிடைக்கும். மழைக்காலத்தை ஒட்டிச் சீத்தாப்பழம் வரும். அதன் விதை நச்சுத்தன்மை உள்ளது. ஒன்றுகூட மிக்சிக்குள் போகக் கூடாது. சதையைச் சல்லடையில் கையால் தேய்த்து இறக்குவதே பத்திரம். கொய்யாவும் அப்படியே, அதன் விதை நச்சில்லை என்றாலும் பல்லில் கடிபடும்; அரைத்து வடிகட்டினால் ஆரஞ்சைவிடப் பலமடங்கு வைட்டமின் சி உள்ள கூழ் கிடைக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் பப்பாளியும் வருடம் முழுதும் உண்டு. தர்பூசணி முழுக்க நீர் என்பதால் கிண்ணத்தை நீர்க்கச் செய்துவிடும். அதை நறுக்கித் தின்பதே நல்லது.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். நறுக்கிய வாழை கறுப்பதற்குக் காரணமான நொதி, பெர்ரி, திராட்சை போன்றவற்றிலுள்ள ஃபிளவனால்கள் என்ற தாவரச் சத்துகளையும் சிதைக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வாழை கலந்த ஸ்மூதியைக் குடித்தவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளவனால் 84 விழுக்காடு குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் சிலரே, அதனால் இதை வாழைக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. திராட்சைக்காகவோ நாவலுக்காகவோ செய்யும் கிண்ணத்தில் வாழைக்குப் பதில் மாம்பழத்தையும் கூடுதல் தயிரையும் போட்டுக்கொண்டால் போயிற்று. வாழை கறுப்பதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி போதும்.

சர்க்கரை விஷயத்தில் கண்டிப்பு தேவை. உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கும் சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது. தேனும் பழச்சாறும் அதே கணக்கில்தான் வருகின்றன. வெல்லம், கருப்பட்டி, பேரீச்சைப் பாகு எல்லாம் பெயரில் நல்லவை, கணக்கில் சர்க்கரை. முழுப் பழத்தில் நாருக்குள் அடைபட்டிருக்கும் சர்க்கரை மிக்சியில் வெளியே வந்துவிடுகிறது என்று கருதும் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பழச்சாறும் ஸ்மூதியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மிகாமல் இருக்கட்டும் என்கிறது. வீட்டுக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தயிரும் அவலும் கடலையும் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில் ஒரு நாளைக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறியும் உள்ளன. பழக் கிண்ணம் அந்த 100 கிராமைத் தாண்டியே தந்துவிடுகிறது. காய்கறியின் கடனை அது தீர்க்காது. பிள்ளை பழம் சாப்பிட்டுவிட்டது என்று மத்தியானக் கூட்டைக் குறைத்துவிடக் கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு அளவைப் பாதியாக்கி, கடலையைக் கூட்டி, கொய்யாவைப் போல இனிப்புக் குறைந்த பழமாகக் கொடுப்பது ஒன்று. இட்லியோ முட்டையோ கொடுத்துவிட்டுப் பழத்தை நறுக்கித் தருவது இன்னும் மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழையிலுள்ள பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடலையை முழுதாகத் தராமல் பொடித்தே தர வேண்டும். காலையில் சில்லென்று சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று பாட்டி தடுத்தால் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சளி வைரசால் வருவது என்றாலும், உறையவைக்காத பழத்தில் அவலைக் கொஞ்சம் கூட்டிச் செய்தாலே கிண்ணம் கெட்டியாகிவிடும். ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேர்த்தால் வீட்டில் சமாதானம். மின்வெட்டு நாளிலும் இதே வழிதான்: வாழையையும் தயிரையும் மத்தால் கடைந்து, ஊறிய அவலைக் கலந்தால் மிக்சியே வேண்டாம்.

செலவைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், வீட்டில் அரைத்த மாவு இட்லியோடு இந்தக் கிண்ணம் விலையில் போட்டியிட முடியாது. பெட்டியில் விற்கும் சோள அவல், பிரெட்டும் ஜாமும், ஓட்டலிலிருந்து வரவழைக்கும் தோசை ஆகியவற்றுக்கு மாற்றாக வைத்தால்தான் காசு மிஞ்சும். மாவு தீர்ந்துபோன நாள், புளித்துப்போன நாள், கேஸ் தீர்ந்த நாள், அடுப்பருகே நிற்க முடியாத சித்திரை வெயில் நாள் இவற்றுக்கு ஏற்றது. வாரத்தில் இரண்டு நாள் என்ற அளவில் வைத்தால் யாருக்கும் சலிக்காது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். எது மலிவோ அதையே வாழையின் துணைப்பழமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டால், மாதக் கணக்கில் இந்தச் செலவு தனியாகத் தெரியாது. பழம் விலை ஏறும் மாதங்களில் துணைப்பழத்தை விட்டுவிட்டு வாழையும் பொட்டுக்கடலையும் ஏலக்காயும் மட்டும் போட்டாலும் கிண்ணத்துக்குக் குறைவில்லை.

மிஞ்சிய கூழைப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் கட்டிக் கொடுக்கக் கூடாது. மதியத்துக்குள் கறுத்து, நீர் பிரிந்து, வெயிலில் புளித்துவிடும். குல்ஃபி அச்சிலோ சிறு டம்ளரிலோ ஊற்றி, நடுவில் குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்தால் மாலையில் பள்ளிவிட்டு வருபவர்களுக்கு ஐஸாகும். ஜாரை உடனே தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிக் கழுவிவிட வேண்டும். அவல் காய்ந்து பிளேடின் அடியில் ஒட்டிவிட்டால் மத்தியானம் தேங்காய் அரைக்கும்போது துகளாக வெளியே வரும்.